ஆபீஸ் மெயிலின் ஆறாவது வரி

காலை ஒன்பதே காலுக்கு முதல் அழைப்பு. "அண்ணா, என் மெயில் பூட்டிக்கொண்டது." திறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அதே குரல்: "அண்ணா, மறுபடியும்."

கரூரில் படுக்கை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் அது. அழைத்தவர் மெர்ச்சண்டைசர். ஜெர்மனிக்காரர் ஒருவரின் ஆர்டர், நூல் சாயத்திலிருந்து கன்டெய்னர் ஏறுவது வரை அவர் பொறுப்பு. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. முந்தைய நாள் மாலை மேசைக் கணினியில் மாற்றியிருந்தார், மறக்காமல் கைபேசியிலும் மாற்றியிருந்தார். அப்படியும் கணக்கு பூட்டிக்கொண்டே இருந்தது. திறப்பேன், பூட்டும்; திறப்பேன், பூட்டும்.

மதியம் ஒரு மணிக்குத்தான் திருடன் அகப்பட்டான். வீட்டில் மகன் கார்ட்டூன் பார்க்கும் பழைய டேப்லெட். இரண்டு ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு அவசரத்தில் அதிலும் ஆபீஸ் மெயிலைப் போட்டு வைத்திருக்கிறார். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஐந்து முறை தவறாகத் தட்டினால் சர்வர் கணக்கைப் பூட்டிவிடும். பாதுகாப்புக்காக நானே வைத்த ஏற்பாடு.

அவருக்கு அரை நாள் போயிற்று, எனக்கு அரை நாள் போயிற்று. சாய மாதிரிக்கு ஒப்புதல் சொல்ல வேண்டிய மெயில் ஒன்று அத்தனை நேரமும் அனுப்பப்படாமல் கிடந்தது. இந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. "ஊழியர்களுக்குக் கைபேசியில் மெயில் கொடுக்க எவ்வளவு ஆகும்?" என்று நிர்வாகம் கேட்கும்போதெல்லாம் நாங்கள் கைபேசி விலையையும் டேட்டா கட்டணத்தையும் கூட்டிச் சொல்வோம். கூட்டலில் பிழை இருக்காது. கூட்ட வேண்டியவற்றில் பாதி தாளுக்கு வெளியே நிற்கும்.

அந்தக் கேள்வியை நிறுவனங்கள் முதன்முதலில் முழுத் தீவிரத்தோடு கேட்டது பிளாக்பெர்ரி காலத்தில்தான். கனடாவின் வாட்டர்லூ நகரத்தில் இருந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் முதல் பிளாக்பெர்ரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பேசும் கருவி அல்ல. பேஜர் அளவில், ஒரே ஒரு பென்டார்ச் பேட்டரியில் ஓடும் மெயில் பெட்டி. பேசும் வசதி 2002இல்தான் வந்தது, அதுவும் காதில் ஹெட்செட் மாட்டினால்தான் பேச முடியும். மெயில் பார்க்கவென்றே ஒரு கருவியை இடுப்பில் செருகிக்கொள்ள அன்றைய வழக்கறிஞர்களும் வங்கி அதிகாரிகளும் ஏன் முன்வந்தார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்க வைப்பது சிரமம். மெயில் தானாக வந்து விழுந்தது என்பதுதான் விஷயம். அதுவரை மெயிலை நாம் போய் எடுக்க வேண்டும். அதன் பிறகு அது நம்மைத் தேடி வந்தது.

தேடி வர ஒரு பாதை வேண்டும் அல்லவா? நிறுவனத்தின் மெயில் சர்வருக்குப் பக்கத்திலேயே பிளாக்பெர்ரி என்டர்பிரைஸ் சர்வர் என்று இன்னொரு சர்வரை வைக்க வேண்டும். அது ஒவ்வொருவர் மெயில் பெட்டியையும் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். புதிய மெயில் விழுந்ததும் அதைச் சுருக்கிப் பூட்டுப்போட்டு, 3101 என்ற ஒரே வாசல் வழியாக வெளியே அனுப்பும். அது நேராகக் கைபேசிக்குப் போகாது. முதலில் ரிசர்ச் இன் மோஷன் நடத்தும் மையத்துக்கு, அங்கிருந்து கைபேசி நிறுவனத்துக்கு, அங்கிருந்து கோபுரத்துக்கு, கடைசியில் சட்டைப்பைக்கு. இந்தப் பாதையின் ஒவ்வொரு கணுவிலும் ஒருவர் கையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். சர்வர் மென்பொருளுக்கு ஒரு விலை. ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி லைசென்ஸ். அந்த மென்பொருள் ஓட ஒரு கணினி, அதற்கு விண்டோஸ். பார்த்துக்கொள்ள ஒரு ஆள். சிம்மில் பிளாக்பெர்ரித் திட்டம் இல்லையென்றால் கருவி வெறும் போன்தான், ஆகவே அதற்குத் தனி மாதக் கட்டணம். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கைபேசி நிறுவனம் மாதாமாதம் கனடாவுக்கு அனுப்பும்.

கடைசியில் சொன்ன அந்தப் பங்கு சில்லறை அல்ல. 2013 மார்ச்சில் முடிந்த காலாண்டில் அந்த நிறுவனத்துக்கு வந்த வருமானத்தில் 61 விழுக்காடு கருவி விற்பனையால் வந்தது, 36 விழுக்காடு இந்தச் சேவைக் கட்டணத்தால் வந்தது. ஐபோனிடமும் ஆண்ட்ராய்டிடமும் அடிவாங்கிக் கருவி விற்பனை சரிந்துகொண்டிருந்த நேரத்திலும் இந்த மாதச் சந்தா கம்பெனியைத் தூக்கிப் பிடித்தது. கைபேசியை விற்பதைவிட அஞ்சல் பாதையில் சுங்கச்சாவடி வைப்பது நல்ல தொழில்.

அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தில் சொந்த உபயோகத்துக்கான டேட்டா திட்டம் மாதம் 30 டாலர்; அதே டேட்டா, ஆபீஸ் சர்வரோடு பேச வேண்டுமென்றால் 45 டாலர். 2008இல் ஐபோன் 3ஜி வந்தபோதும் இதே விலைப் பிரிவினை தொடர்ந்தது. கோபுரம் ஒன்றுதான், அலைவரிசை ஒன்றுதான், ஆபீஸ் மெயில் கூடுதல் எடை கொண்டதும் இல்லை. நிறுவனம் கட்டும் என்பது தெரிந்ததால் கேட்டார்கள். நூறு பேர் இருக்கும் கம்பெனிக்கு அந்த 15 டாலர் வித்தியாசம் மட்டும் ஆண்டுக்கு 18,000 டாலர்.

ஆனால் பணம் வாங்கியதற்கு ஏற்ற வேலையை அந்தப் பாதை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மெயில் வந்தால் பிளாக்பெர்ரி முழுவதையும் இறக்காது. முதல் 2 கே.பி.யை மட்டும் அனுப்பும். மேலும் படிக்க வேண்டுமென்று கீழே உருட்டினால்தான் அடுத்த துண்டு வரும். இணைப்புக் கோப்பைச் சர்வரிலேயே பிரித்து, சின்னத் திரைக்கு வேண்டிய அளவு மட்டும் அனுப்பும். இந்தியாவில் 10 கே.பி.க்கு 10 பைசா என்று அளந்து விற்ற காலத்தில் இந்தச் சிக்கனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்று பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் ஒரு எம்.பி. சுமார் பத்து ரூபாய். மூன்று எம்.பி. துணி டிசைன் படம் ஒன்று வந்து விழுந்தால் முப்பது ரூபாய், அதைத் திறந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்.

வெளிநாட்டில் அந்த முப்பது ரூபாய் பல மடங்காகும். எங்கள் ஊர் ஏற்றுமதியாளர்கள் பலருக்கு ஜனவரி என்றால் ஃபிராங்க்ஃபர்ட், ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி. ஒரு ஆண்டு எங்கள் இயக்குநர்களில் ஒருவர் புதிதாக வாங்கிய, மெயிலை இணைப்போடு முழுசாக இறக்கும் கைபேசியோடு போனார். ஊரிலிருந்து டிசைன் பிரிவினர் ஒவ்வொரு இரவும் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். அவர் அவற்றைப் பார்த்தது கண்காட்சி அரங்கில் மடிக்கணினியில்தான். சட்டைப்பையில் இருந்த கைபேசியும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் ரோமிங்கில் இறக்கிக்கொண்டது. ஐந்து நாள் பயணம். பில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. "நான் போனைத் தொடவே இல்லையே" என்றார். உண்மைதான். தொட வேண்டிய அவசியம் அந்தப் போனுக்கு இல்லை.

ஐரோப்பியர்கள் தங்களுக்குள் இந்தக் கொள்ளையைச் சட்டம் போட்டு இறக்கினார்கள். 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் டேட்டாவுக்கு எம்.பி.க்கு 70 சென்ட் என்று உச்சவரம்பு வந்தது, படிப்படியாக அது குறைந்தது, 2017 ஜூன் 15இல் ரோமிங் கட்டணமே போயிற்று. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் கரூர்க்காரருக்கு அந்தச் சட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. இன்றும் விமானம் ஏறும் முன் ரோமிங் பேக் போட்டுக்கொள்ள மறந்தவரின் மெயில் பெட்டி பழைய வேலையைக் காட்டும்.

பிளாக்பெர்ரியின் விலையில் பெரும்பகுதி பாதுகாப்புக்கான விலை. தொலைந்த கருவியை இருந்த இடத்திலிருந்தே துடைத்தெறியலாம். மெயிலுக்குப் போடும் பூட்டின் சாவி வாடிக்கையாளர் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். இதன் சுவாரசியமான பக்கவிளைவை 2010இல் இந்தியா பார்த்தது. பாதுகாப்பு அமைப்புகள் படிக்க வழி செய்யாவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்று மத்திய அரசு ஆகஸ்ட் 31ஐக் கெடுவாக வைத்தது. மெசஞ்சர் என்ற அதன் அரட்டைச் சேவை விஷயத்தில் நிறுவனம் இறங்கி வந்தது. கம்பெனி மெயில் விஷயத்தில் மட்டும், "எங்களிடமே சாவி இல்லை, கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?" என்ற நிலையிலிருந்து அசையவில்லை. நிறுவனங்கள் மாதாமாதம் எதற்குக் காசு கட்டினவோ அது உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது.

எல்லாம் ஒரே மையத்தின் வழியே போவதன் விலை அடுத்த ஆண்டு தெரிந்தது. 2011 அக்டோபர் 10 அன்று, ஐரோப்பாவுக்கான மையத்தில் ஒரு முக்கிய ஸ்விட்ச் செயலிழந்தது. அதற்கு மாற்றாக எழ வேண்டிய அமைப்பு எழவில்லை. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று முடக்கம் பரவி இரண்டாம் மூன்றாம் நாளில் வட அமெரிக்காவையும் எட்டியது. நான்கு நாள். நிறுவனங்களின் சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன, கருவிகளும் நன்றாகத்தான் இருந்தன. நடுவே இருந்த சுங்கச்சாவடி இடிந்து விழுந்திருந்தது. ஈடாக வாடிக்கையாளர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள செயலிகளை இலவசமாகத் தந்தார்கள். நான்கு நாள் மெயில் இல்லாத ஏற்றுமதியாளர் அந்தச் செயலிகளை வைத்து விளையாடிக்கொள்ளலாம்.

சாவடியைச் சுற்றிப் போகும் மாற்றுப்பாதை அதற்குள் திறந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வருக்குள்ளேயே ஆக்டிவ்சிங்க் என்ற வசதியை 2003 பதிப்பில் சேர்த்தது. 2005இல் வந்த மேம்பாட்டில் மெயில் தானாக வந்து விழும் வேலையையும் அது கற்றுக்கொண்டது. நடுவே மையம் கிடையாது. கைபேசியே நிறுவனச் சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்து, "ஏதாவது வந்தால் சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். பதினைந்து நிமிடமோ அரை மணியோ ஆகி, எதுவும் வரவில்லையென்றால் மறுபடி கேட்கும். சர்வர் லைசென்ஸ் ஏற்கெனவே வாங்கிய கம்பெனிக்குக் கைபேசிக்கென்று தனிக் கட்டணம் இல்லை. ஆப்பிள் 2008இல் இதையே உரிமம் வாங்கி ஐபோனில் வைத்தது. பிறகு ஆண்ட்ராய்டும் சேர்ந்துகொண்டது. பிளாக்பெர்ரி 2010இல் தன் சர்வரின் சின்ன வடிவத்தை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. அதற்குள் கூட்டம் வேறு பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தது. 2022 ஜனவரி 4இல் பழைய கருவிகளுக்கான சேவையையே நிறுத்திவிட்டார்கள்.

ஆக, மெயில் மலிவாகிவிட்டதா? சுங்கச்சாவடிச் செலவு போயிற்று. அது போன இடத்தில் இன்னொன்று முளைத்தது, அதற்கு ரசீது கிடையாது.

முன்பு எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கருவி. பிறகு நூறு பேரிடம் நாற்பது வகைக் கைபேசி. ஒரு உற்பத்தியாளர் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று மெயில் செயலியைத் தூங்க வைப்பார். இன்னொருவரின் புதிய பதிப்பில் நாள்காட்டி ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும். 2013 ஜனவரி இறுதியில் ஐபோனுக்கு 6.1 பதிப்பு வந்தது. அதில் ஒரு பிழை: கூட்ட அழைப்பு ஒன்றைத் தொட்டால் சில கைபேசிகள் சர்வரிடம் அதையே ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தன. சர்வர் ஒவ்வொன்றையும் நாணயமாகப் பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டது. எழுதி எழுதி வட்டு நிறைந்தது. வட்டு நிறைந்தால் எல்லாருக்கும் மெயில் நிற்கும், ஐபோனே இல்லாதவருக்கும்கூட. ஆப்பிள் பிப்ரவரி 19 அன்று திருத்தம் வெளியிட்டது. அதுவரை மூன்று வாரம், உலகெங்கும் கணினிப் பிரிவினர் இரவில் எழுந்து கோப்புகளை அப்புறப்படுத்தினார்கள். இலவச மெயிலுக்கு அவர்கள் சம்பளம்தான் சந்தா.

2022 அக்டோபரில் இன்னொரு வகை. மைக்ரோசாஃப்ட் தன் இணைய மெயில் சேவையில் வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. நல்ல முடிவு, காலம் கடந்து வந்த முடிவு. ஆனால் பழைய கைபேசி வைத்திருந்த ஒவ்வொருவரும் கணக்கை நீக்கி மறுபடி போட வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் நூறு பேருக்கு இருபத்தைந்து மணி நேரம்.

தொலைந்த கைபேசிக் கதையும் மாறிவிட்டது. கம்பெனி கருவி தொலைந்தால் துடைப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. 2014இல் எங்கள் தரப் பரிசோதகர் ஒருவர் கோயம்புத்தூர் பஸ்ஸில் கைபேசியை விட்டுவிட்டார். சொந்தக் கைபேசி. விதிப்படி நான் பொத்தானை அழுத்தினேன். அன்றைய ஆக்டிவ்சிங்க்கில் துடைப்பது என்றால் முழுவதும் துடைப்பதுதான், ஆபீஸ் மெயில் வேறு குடும்பம் வேறு என்று அதற்குத் தெரியாது. மறுநாள் கண்டக்டர் கைபேசியை எடுத்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. போய் வாங்கிவந்தார். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மகள் காதுகுத்துக்கு எடுத்த படங்கள் வேறெங்கும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. மெயிலைக் கைபேசியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆபீஸ் பகுதியையும் சொந்தப் பகுதியையும் தடுப்புச் சுவர் வைத்துப் பிரிக்கும் ஏற்பாடு ஆண்ட்ராய்டில் 2014-15 வாக்கில் வந்தது. ஆபீஸ் பக்கத்தை மட்டும் துடைக்கலாம். அதைப் பயன்படுத்த நிர்வாக மென்பொருள் வேண்டும், அதற்கு ஆளுக்கு மாதச் சந்தா. சுற்றிவந்து மறுபடியும் சந்தாவுக்கே வந்துவிட்டோம். அது வேண்டாம் என்று மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது. வாடிக்கையாளர் பட்டியல் இருக்கும் மெயில் பெட்டி பூட்டில்லாத கைபேசியில் பஸ் ஸ்டாண்டில் கிடப்பது அந்தக் கணக்கில் வரக்கூடிய விஷயம்.

"சொந்தக் கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற சொல் எல்லா நிர்வாகங்களுக்கும் இனிக்கிறது. கருவிச் செலவும் டேட்டா செலவும் ஒரே வாக்கியத்தில் ஊழியர் தலைக்குப் போய்விடுகின்றன. கலிஃபோர்னியாவில் இதைக் கேள்வி கேட்டார்கள். வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவர் தன் சொந்தக் கைபேசியை வேலைக்குப் பயன்படுத்திய செலவைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 2014 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: வேலைக்குச் சொந்தக் கைபேசியைக் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தால், கட்டணத்தில் நியாயமான ஒரு பங்கை முதலாளி தர வேண்டும். எத்தனை அழைப்பு பேசினாலும் ஒரே கட்டணம் என்ற திட்டத்தில் இருந்தாலும், வீட்டில் வேறொருவர் பில் கட்டினாலும் இது பொருந்தும். "எப்படியும் அவர் கட்டியிருப்பார்தானே" என்ற வாதம் எடுபடவில்லை.

நம் ஊரில் கணக்குப் பிரிவினர் இந்த விஷயத்தை வரிக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. இணைப்பு கம்பெனி பெயரில் இருந்தால் பில்லில் உள்ள 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழிவாக, எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் பெயரில் இருந்தால் அந்தப் பணம் போனதுதான். வேலைக்கான கைபேசிக் கட்டணத்தை முதலாளி செலுத்தினால் அதை ஊழியரின் கூடுதல் வருமானமாக வருமான வரி விதி பார்ப்பதில்லை. ஆக, கம்பெனியே சிம் கொடுப்பது தோன்றுகிற அளவுக்குச் செலவில்லை. "சொந்தக் கைபேசி" யோசனையை முன்வைப்பவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அந்தத் தாள், நிர்வாகத்துக்குச் செலவைக் கூட்டிக் காட்டும் தாள். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. உங்கள் கம்பெனியின் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நூறு ஊழியர். பதினைந்தாயிரம் ரூபாய்க் கைபேசி, முப்பது மாதம் உழைக்கும்: மாதம் 500. இணைப்புக்கு 400, ஜி.எஸ்.டி. சேர்த்து, உள்ளீட்டு வரவைக் கழிக்காமல், 472. மெயில் பெட்டிக்கு 150. நிர்வாக மென்பொருளுக்கு 200. உதவிக்கு, நாற்பதாயிரம் சம்பளக்காரர் ஒருவரின் நேரத்தில் கால் பங்கு, நூறு பேருக்குப் பகிர்ந்தால் 100. ஐந்து வரி. ஆளுக்கு மாதம் 1,422 ரூபாய், நூறு பேருக்கு ஆண்டுக்கு 17,06,400 ரூபாய்.

சொந்தக் கைபேசி என்று சொன்னால் முதல் இரண்டு வரியும் போகும். 450 ரூபாய் மிஞ்சும், ஆண்டுக்கு 5,40,000. பதினொன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று ஸ்லைடில் காட்டலாம், கைதட்டலும் கிடைக்கும். கருவி வகை பெருகுவதால் ஐந்தாவது வரி வீங்கும் என்பதை ஸ்லைடு சொல்லாது.

ஆறாவது வரியை நான் சேர்த்தது ஒரு எரிச்சலில். கரூரில் மாலை ஆறரை என்றால் கோடைக் கணக்கில் ஜெர்மனியில் பிற்பகல் மூன்று, நியூயார்க்கில் காலை ஒன்பது. நம் ஆள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அமெரிக்கக்காரர் காபியோடு மேசைக்கு வருகிறார். சட்டைப்பையில் மெயில் இருப்பதால் பஸ்ஸில் ஒரு பதில், சாப்பாட்டுக்கு நடுவே ஒரு பதில், தூங்கும் முன் ஒரு பதில். எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை மணி என்று குறைத்தே வைப்போம். எட்டு மணி நேர வேலைநாளில் அரை மணி என்பது பதினாறில் ஒரு பங்கு. மாதம் நாற்பதாயிரம் வாங்கும் மெர்ச்சண்டைசரின் நேரத்தில் அது 2,500 ரூபாய். மேலே உள்ள ஐந்து வரியையும் கூட்டினால் வருவதைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் அதிகம்.

இந்த வரியைப் பல நாடுகள் பலவிதமாகத் தொட்டிருக்கின்றன. சிகாகோ காவல்துறையின் சார்ஜென்ட் ஒருவர், வேலை நேரம் முடிந்த பிறகும் பிளாக்பெர்ரியில் வேலை செய்ததற்குக் கூடுதல் நேர ஊதியம் கேட்டு 2010இல் வழக்குப் போட்டார், சக ஊழியர்கள் பலர் சேர்ந்துகொண்டார்கள். வேலை செய்தது உண்மை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நேரத்துக்கு அவர்கள் கூடுதல் நேரச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை, கொடுக்காதே என்று மேலிடம் தடுத்ததாகவும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி வழக்கு தோற்றது. 2017இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. இரண்டு வரி மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டுச் சீட்டு எழுதும் சார்ஜென்ட் எவர்? அவர்கள் தோற்ற இடமும் அதுதான்.

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் எளிய வழி பார்த்தது. தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டு, 2011இல், ஊதிய ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் பிளாக்பெர்ரிகளுக்கு, வேலை முடிந்து அரை மணி கழித்து மெயில் போவதைச் சர்வரிலேயே நிறுத்தினார்கள். மறுநாள் வேலை தொடங்க அரை மணி முன்பு குழாய் மறுபடி திறக்கும். போன் பேசலாம், தடையில்லை. மேலதிகாரிகளுக்கு இது கிடையாது. கணினிப் பிரிவுக்காரன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இதன் செலவு. புதிதாக வாங்க வேண்டியது எதுவும் இல்லை, சர்வரில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும். பிரான்ஸ் 2017 ஜனவரி முதல், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள நிறுவனங்கள் இதுபற்றித் தொழிலாளர்களோடு பேசியாக வேண்டும் என்று சட்டமாக்கியது. இந்தியாவில் சுப்ரியா சுலே 2018 இறுதியில் மக்களவையில் இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் கதி தெரிந்ததுதானே.

ஃபோக்ஸ்வேகன் வழி கரூருக்கு ஒத்துவருமா என்றால், அப்படியே வராது. அங்கே வாடிக்கையாளரும் ஊழியரும் பெரும்பாலும் ஒரே கடிகாரத்தில் இருக்கிறார்கள். எங்களுக்கு ஆர்டர் கொடுப்பவர் விழித்திருப்பது எங்கள் இரவில். ஒருமுறை, நான் தொடக்கத்தில் சொன்ன அதே மெர்ச்சண்டைசர், இரவு ஒன்பதரைக்குக் கைபேசியில் ஒரு மெயிலைப் பார்த்து, லேபிளில் துவைக்கும் வெப்பநிலை 60க்குப் பதில் 40 என்று மாறியிருப்பதைக் கவனித்து, மறுநாள் காலை தைக்கப்போக இருந்த தொகுதியை நிறுத்தினார். காலையில் பார்த்திருந்தால் சில ஆயிரம் துண்டுகளில் லேபிளைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியிருந்திருக்கும். ஆறாவது வரியை நான் எழுதியது, மெயில் வேண்டாம் என்பதற்காக இல்லை. இரவு நேரத்தில் ஒருவர் மெயிலைப் பார்க்க வேண்டியிருந்தால் முறைவைத்துப் பார்க்கட்டும், அந்த நேரத்துக்கு மறுநாள் தாமதமாக வரட்டும், அல்லது கூலி வாங்கட்டும் என்பதற்காக. நூறு பேரும் தினமும் அரைத் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

தாளைக் கணக்குப் பிரிவின் பெரியவரிடம் கொடுத்தேன். அறுபதை நெருங்கியவர், கால்குலேட்டரைத் தேடாமல் கூட்டக்கூடியவர். ஐந்து வரியிலும் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஆறாவதில் நின்றார்.

"பதினாறில் ஒன்று. வீசம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?" என்று கேட்டார். சம்பளம் என்றேன். சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே என்றார். கூடுதல் நேரம் என்றேன். அதற்குச் சீட்டு வேண்டும் என்றார். அவர் கேட்டதில் குறும்பு இல்லை, உண்மையிலேயே அவரிடம் அதற்குத் தலைப்பு இல்லை.

ஆறாவது வரியை அடித்துவிட்டு, ஐந்து வரியோடு தாளை மேலே அனுப்பினோம். இரண்டு நாளில் ஒப்புதல் வந்துவிட்டது. இயக்குநரின் மெயில், ஒரே வரி, கைபேசியிலிருந்து அனுப்பியது. நேரம் இரவு 10.40. நான் அதை 10.43க்குப் படித்தேன்.